மணிக்கட்டு ராப் வழிகாட்டி: எதை வாங்குவது, எங்கே கட்டுவது, எப்போது அவிழ்ப்பது

ஜிம்மில் சேர்ந்து சில மாதம் ஆனதும் பலரும் கேட்கும் கேள்வி, "எந்த ரிஸ்ட் ராப் வாங்கலாம் மாஸ்டர்?" என்பது. எடை தூக்கும்போது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டைதான் ராப். இதற்கு ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடையை மார்பிலிருந்து மேலே தள்ளுவது) போடுகிறவருக்கு மணிக்கட்டு மடங்கவே கூடாது. ஸ்நாட்ச் (எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றுவது) தூக்குகிறவருக்கு அதே மணிக்கட்டு பின்பக்கம் மடங்கியே ஆக வேண்டும். ஒருவருக்குக் கைகொடுக்கும் ராப் இன்னொருவருக்குத் தடையாக நிற்கும். அதனால் வலி எவ்வளவு, விலை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தத் தூக்குக்காக வாங்குகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது

முன்கையின் இரண்டு நீள எலும்புகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அவற்றைப் பிணைத்து வைத்திருப்பவை தசைநார்கள். இந்த இடத்தில் பருமனான தசை எதுவும் கிடையாது. விரல்களுக்குப் போகும் நாண்களும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் மட்டும் நெருக்கமாக ஓடுகின்றன. தொடையும் முதுகும் பயிற்சியில் வேகமாகப் பருத்து எடை தாங்கப் பழகிக்கொள்ளும். தசைநாருக்கு அதைவிட அதிக காலம் வேண்டும். எடையை வேகமாக ஏற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டு முதலில் முனகுவது இதனால்தான்.

பாரின், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியின், எடை முன்கை எலும்புகளின் நேர் மேலே இருந்தால் எலும்பே அதைத் தாங்கிக்கொள்ளும். பார் பின்னால், விரல்கள் பக்கமாகச் சரிந்தால், மணிக்கட்டைப் பின்பக்கம் வளைக்கும் நெம்பு விசை உண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோ பெஞ்ச் பிரஸ் என்றால் ஒரு கைக்கு 40 கிலோ. பார் மணிக்கட்டின் மையத்திலிருந்து 5 செ.மீ. பின்னால் இருந்தால், அரை மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 4 கிலோ தொங்குகிற அளவுக்கு மணிக்கட்டு முறுக்கப்படுகிறது. பாரை 2 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ராப் செய்வதும் இந்த நெம்பு விசையில் ஒரு பங்கைத் தாங்குவது, மூட்டு மேலும் பின்னால் சாயாமல் தடுப்பது, அவ்வளவுதான். அது எலும்பையோ தசையையோ பலப்படுத்தாது.

படி 1: உங்கள் தூக்கு எது?

பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ் போடுகிறவர்களுக்கு மணிக்கட்டு நேராக, அல்லது மிக லேசாகப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். ராப்பினால் அதிகப் பலன் கிடைப்பது இவர்களுக்குத்தான். விறைப்பான, நீளமான ராப் இங்கே பொருந்தும்.

பாரை முதுகில் தாழ்வாக வைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) செய்கிறவர்களுக்கும் மணிக்கட்டு வலி வரும். எடையை முதுகு தாங்காமல் கை தாங்கினால்தான் அந்த வலி. பிடியை ஒரு விரல் அகலம் வெளியே தள்ளுவது, கட்டைவிரலைப் பாருக்கு மேலே வைப்பது என்று ஒன்றிரண்டு மாற்றங்களிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது. ஆகாவிட்டால் நடுத்தர விறைப்பு போதும்.

ஒலிம்பிக் பளுத்தூக்குதலில் கதையே வேறு. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச்சில் 144 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (கிளீனில் பாரைத் தோளுக்கு ஏற்றி, ஜெர்க்கில் அங்கிருந்து தலைக்கு மேல் தள்ளுவது) 173 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். 173 கிலோ என்றால் ஒரு கைக்கு 86.5 கிலோ. இந்த எடையைத் தலைக்கு மேல் நிறுத்தும்போது மணிக்கட்டை நேராக நிமிர்த்தி வைக்க முடியாது. உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு பின்னால் சாய, பார் முன்கை எலும்புகளின் மேல் உட்கார வேண்டும். விறைப்பான ராப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டால் இந்த நிலைக்கே போக முடியாது. பார் முன்பக்கம் நழுவும், அல்லது முழங்கை மடங்கும். ஆகவே ஸ்நாட்ச், ஜெர்க் இரண்டுக்கும் மெல்லிய, நன்றாக இழுபடும், குட்டையான ராப்தான் வேண்டும். மணிக்கட்டு கடைசி எல்லைக்குப் போகாமல் பிடித்து நிறுத்தினால் போதும்.

கிளீன், ஃபிரண்ட் ஸ்குவாட் இரண்டிலும் பார் தோளில் இருக்கிறது. விரல்கள் அது நழுவாமல் பார்த்துக்கொள்கின்றன. முழங்கை உயர உயர மணிக்கட்டின் சுமை குறையும். இங்கே இறுக்கமான ராப் முழங்கையைக் கீழே இழுத்துவிடுவதால் வலி கூடத்தான் செய்யும். மெல்லிய ராப், அல்லது ஒரே ஒரு சுற்று டேப், அல்லது எதுவும் இல்லாமலே.

டெட்லிஃப்ட், ரோயிங், புல்-அப் மாதிரி இழுக்கும் பயிற்சிகளுக்கு ராப் தேவையில்லை. அங்கே மணிக்கட்டு இழுபடுகிறதே தவிர வளைக்கப்படுவதில்லை.

படி 2: வாங்குவதற்கு முன் பிடியைப் பாருங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வலி என்று வருகிறவர்களில் நிறைய பேருக்கு ராப்பே வேண்டியிருக்காது.

கூட இருப்பவரிடம் போனைக் கொடுத்து, பெஞ்ச் பிரஸ்ஸைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வெறும் பாரில் ஒரு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து சில முறை தூக்குவது), வழக்கமான எடையில் ஒரு செட். பார் மார்புக்கு அருகில் வரும்போது வீடியோவை நிறுத்தி, முழங்கையிலிருந்து மேலே ஒரு நேர்கோடு இருப்பதாக நினைத்துப் பாருங்கள். கோடு பாரின் நடுவே போனால் பிடி சரி. பார் அந்தக் கோட்டுக்குப் பின்னால், உங்கள் தலைப் பக்கமாகக் கிடந்தால் பிடிதான் பிரச்சினை.

சரிசெய்ய, உள்ளங்கையை விரித்துப் பாருக்குக் கீழே வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடிமேடு வரை, சாய்வாகப் பார் ஓட வேண்டும். இதற்குக் கையை லேசாக உள்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். அந்த நிலையில் எடையை அடிமேட்டின் மேல் அழுத்தி, அப்புறம் விரல்களை மூடி, கட்டைவிரலைச் சுற்றிப் பிடியுங்கள். முதலில் விரலால் பிடித்துவிட்டு அப்புறம் கையைத் திருப்பினால் பார் திரும்பவும் விரல்கள் பக்கமே போய்விடும். கட்டைவிரலைச் சுற்றாமல் பெஞ்ச் போடவே போடாதீர்கள். பார் நழுவினால் கீழே இருப்பது உங்கள் கழுத்தும் மார்பும்.

ஃபிரண்ட் ஸ்குவாட்டில் வலித்தால் சோதனை வேறு. பார் இல்லாமல் அந்த நிலைக்குக் கையைக் கொண்டுபோய், இன்னொருவரை முழங்கையை மேலே தள்ளச் சொல்லுங்கள். முதுகின் பக்கவாட்டிலோ மேற்கையின் பின்பக்கமோ இழுத்துப் பிடித்தால், குறை அங்கே இருக்கிறது. மணிக்கட்டு அதன் விலையைக் கொடுக்கிறது. அந்தத் தசைகளை நீட்டும் பயிற்சியும், பாரின் கீழே இரண்டு மூன்று விரல்களை மட்டும் விட்டுப் பிடிப்பதும் ராப்பைவிடப் பலன் தரும்.

முதல் மூன்று மாதம் யாருக்குமே ராப் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் தூக்கும் எடைக்குச் சரியான பிடி போதும். பிடி பழகுவதற்கு முன்பே ராப்பைக் கட்டிக்கொண்டால், தப்பான பிடியும் வலிக்காமல் போய்விடும். எடை கூடும்போது அது நூறு மடங்கு சிரமம் கொடுத்துத்தான் மாறும்.

படி 3: கடையில் என்னென்ன கிடைக்கும்

கட்டைவிரல் வளையமும் வெல்க்ரோவும் வைத்த எலாஸ்டிக் ராப்தான் இன்று எல்லோரும் வாங்குவது. பருத்தி, பாலியெஸ்டர் நூலோடு ரப்பர் இழைகளையும் சேர்த்து நெய்திருப்பார்கள். இழை கூடக் கூட விறைப்பும் இழுவையும் மாறும். பெஞ்ச்சுக்கும் ஸ்குவாட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். மெல்லியதாக இருந்தால் ஒலிம்பிக் தூக்குக்கும் ஆகும்.

துணி ராப், அதாவது எலாஸ்டிக் இல்லாத தடித்த பருத்தித் துணியில் நீள நாடா தைத்தது, இன்னொரு வகை. நாடாவைச் சுற்றிச் செருகிக்கொள்ளலாம். செட்டுக்கு நடுவில் ஒரு திருகு திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடிவது இதன் நல்ல குணம். வியர்வையையும் உறிஞ்சும். ஸ்நாட்ச், ஜெர்க்கோடு புல்-அப், புஷ்-அப் எல்லாம் கலந்து செய்கிறவர்களுக்கு வசதி. கனமான பெஞ்ச்சுக்கு இதன் பிடி போதாது.

தோல் பட்டை பழைய பளுத்தூக்கக் கூடங்களில் இன்னும் பார்க்கலாம். பக்கிள் வைத்து இறுக்குவது. பழகினால் உழைக்கும், ஆனால் புதிதில் தோல் மடங்காது, ஈரம் பட்டால் கெட்டியாகும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

விளையாட்டு வீரர்கள் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் பருத்தி டேப் இழுபடாது. அதனால் மணிக்கட்டைச் சுற்றி இரண்டு சுற்றே நல்ல பிடிப்பைத் தரும். கிளீன் செய்யும்போது ராப்பின் பருமன் இடைஞ்சலாக இருக்கிறவர்களுக்கு இது பொருந்தும். தினமும் புதிதாக ஒட்ட வேண்டும் என்பதால் செலவு ஏறிக்கொண்டே போகும். முடியுள்ள கையில் உரிக்கும்போது தெரியும்.

மருந்துக் கடை கிரேப் பேண்டேஜையும் விட்டுவிடக் கூடாது. 8 செ.மீ. அகலத்தில் ஒன்று வாங்கினால் மிகக் குறைந்த செலவில் ஒரு மெல்லிய ராப் கிடைத்துவிடும். ராப் உங்களுக்கு உதவுமா என்று சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. கிளிப்பைக் குத்திவிட்டுத் தூக்காதீர்கள், தெறித்துப் போகும். நுனியைக் கடைசிச் சுற்றுக்குள் செருகி மேலே டேப் ஒட்டுங்கள்.

நியோப்ரீன் உறை சூடு வைத்திருக்கும், பிடிப்பு தராது. நம்மூர் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டால் உள்ளே வியர்வை தேங்கி அரிப்பெடுக்கும். கையுறையோடு சேர்த்துத் தைத்த ராப்பை எடைப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. கையுறையின் தடிமன் பாரை உள்ளங்கையின் அடிமேட்டிலிருந்து தள்ளி வைக்கிறது. ராப் ஒரு பக்கம் சரிசெய்வதை அது மறுபக்கம் கெடுத்துவிடுகிறது.

ஸ்ட்ராப் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது பாரோடு கையைக் கட்டிப் பிடியைக் காப்பாற்றும் நாடா, இழுக்கும் பயிற்சிகளுக்கானது. இரண்டையும் மணிக்கட்டில்தான் மாட்டுகிறோம் என்பதால் கடையிலேயே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

படி 4: நீளமும் விறைப்பும்

கடையில் 12, 18, 24, 36 அங்குலம் என்று கிடைக்கும். சுமாராக 30, 45, 60, 90 செ.மீ. முதலில் தையல் டேப்பால் மணிக்கட்டின் சுற்றளவை அளந்து கொள்ளுங்கள். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 30 செ.மீ. ராப் இரண்டு சுற்றுக்கே திணறும். 45 செ.மீ. ராப்பை இழுத்துக் கட்டினால் மூன்று, மூன்றரைச் சுற்று வரும். 60 செ.மீ. என்றால் ஐந்தை நெருங்கலாம்.

என் ஆலோசனை இதுதான்: ஸ்நாட்ச், ஜெர்க்குக்கு 30 முதல் 45 செ.மீ., இழுத்தால் தாராளமாக நீளும் துணி. எல்லாப் பயிற்சியும் கலந்து செய்கிறவர்களுக்கு 45 செ.மீ., நடுத்தர விறைப்பு. பெஞ்ச் பிரஸ்ஸில் கவனம் வைப்பவர்களுக்கு 60 செ.மீ., விறைப்பானது. 90 செ.மீ. பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் சேர்ந்தது) போட்டிக்குப் போகிறவர்களுக்கு. அதை ஒழுங்காகக் கட்டவே தனிப் பழக்கம் வேண்டும். சாதாரணப் பயிற்சியில் கட்டி அவிழ்ப்பதற்கே பாதி நேரம் போய்விடும்.

மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், விறைப்பான அகலமான ராப்பை எடுக்கும்போது கவனிக்க வேண்டும். விறைத்த துணி சின்ன வளைவில் படியாமல் ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் பிடிப்பும் இருக்காது, ஓரத்தில் தோலும் உரசும். ஒரு படி மென்மையானதை எடுத்து ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவது நல்லது.

படி 5: கையில் எடுத்துப் பார்க்கும்போது

இரண்டு கையாலும் ராப்பை முழுசாக இழுத்து விடுங்கள். விட்ட உடனே பழைய நீளத்துக்குச் சுருங்க வேண்டும். ஓரங்கள் அலை அலையாக நின்றால் நெசவு சரியில்லை. அடுத்து வெல்க்ரோவின் சொரசொரப்பான பகுதியைப் பாருங்கள். அது கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இருந்தால் நல்லது. கட்டும்போது இறுக்கம் கொஞ்சம் முன்பின்னானாலும் ஒட்டிக்கொள்ளும். சின்னத் துண்டு வெல்க்ரோ வைத்த ராப் கனமான செட்டின் நடுவில் பிய்த்துக்கொண்டு வரும். கட்டைவிரல் வளையத்தின் தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் பிரிவது அந்த இடம்தான். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை தைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கினால் நீளத்தையும் அகலத்தையும் எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். "ஃப்ரீ சைஸ்" என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: கட்டும் முறை

நல்ல ராப் வாங்கியும் பலன் இல்லை என்கிறவர்களில் பெரும்பாலோர் தப்பான இடத்தில் கட்டியிருப்பார்கள். மூட்டுக்குக் கீழே, முன்கையில் வளையல் மாதிரி கட்டிக்கொண்டால் மூட்டு சுதந்திரமாக மடங்கிக்கொண்டேதான் இருக்கும். ராப் மூட்டின் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும்.

மூட்டைக் கண்டுபிடிக்க, உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி கையை நீட்டி, மணிக்கட்டை முன்பக்கம் மடக்குங்கள். தோலில் ரேகைகள் விழும். உள்ளங்கைக்கு நெருக்கமான ரேகையின் மேல் மறுகை விரலை வையுங்கள். ராப்பின் அகலத்தில் ஒரு பகுதி இந்த ரேகைக்கு மேலே உள்ளங்கையின் அடிமேட்டைத் தொட்டபடியும், மீதி முன்கையின் மேலும் இருக்க வேண்டும். ஆனால் அடிமேட்டை முழுசாக மூடிவிடக் கூடாது. பார் உட்காரும் இடம் அது.

அப்புறம் கட்டைவிரலை வளையத்துக்குள் விடுங்கள். தொடங்கும்போதே, கடைசியில் வெல்க்ரோவின் சொரசொரப்பு ராப்பின் மேல் படியுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கம் மாறியிருந்தால் கடைசிச் சுற்றில் சொரசொரப்பு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும், எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும்.

பெஞ்ச்சுக்கு என்றால் கையை முஷ்டியாக மூடி, மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டுங்கள். ஸ்நாட்ச்சுக்கும் ஜெர்க்குக்கும் விரல்களை விரித்து, மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கட்டுங்கள். கட்டும்போது கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையை நோக்கித்தான் ராப் இழுக்கும்.

முதல் சுற்று அதிகம் இழுக்காமல், சரியாக ரேகையின் மேல். அது நங்கூரம். இரண்டாவது சுற்றிலிருந்து ராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியையாவது மூட வேண்டும். ஒரு சுற்று கொஞ்சம் மேலே, ஒரு சுற்று கொஞ்சம் கீழே என்று போனால் மூட்டின் இருபக்கமும் பிடி கிடைக்கும். ஒரே இடத்தில் எல்லாச் சுற்றும் விழுந்தால் அங்கே மட்டும் தோலை வெட்டும். சுற்றும் திசை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று ஜிம்முக்கு ஜிம் சண்டை உண்டு. இரண்டையும் முயன்று பார்த்து, மணிக்கட்டு திருகாமல் நிற்கிற திசையை வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்க்ரோவை ஒட்டியதும் வளையத்தைக் கட்டைவிரலிலிருந்து கழற்றிவிடுங்கள். கட்டைவிரலைப் பாருக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மடக்கிப் பூட்டும் ஹுக் கிரிப் பிடிக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வளையமோ ராப்பின் ஓரமோ கட்டைவிரலின் அடியில் தடித்து நின்றால் அந்தப் பூட்டு விழாது.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, சுண்டுவிரல் பக்கம் சுரீர் என்று இழுத்தாலோ உடனே தளர்த்துங்கள்.

படி 7: பயிற்சியில் எப்போது

வார்ம்-அப்பில் வேண்டாம். வெறும் பாரிலும் லேசான எடையிலும் மணிக்கட்டு தன் வேலையைத் தானே செய்யட்டும். ஒரே ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடை 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 80 கிலோவைத் தாண்டும் செட்களுக்குக் கட்டினால் போதும். 80-இல் தளர்வாக, 90-க்கு மேல் இறுக்கமாக. ஐந்து, எட்டு ரெப் (முறை) என்று நீளமான செட்டுக்கு ரொம்ப இறுக்கினால் செட் முடிவதற்குள் கை மரத்துவிடும்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள், குறைந்தது வெல்க்ரோவையாவது தளர்த்துங்கள். கட்டியபடியே ஒரு மணி நேரம் ஜிம்மைச் சுற்றி வருவது ரத்த ஓட்டத்துக்கும் நல்லதில்லை, ராப்பின் எலாஸ்டிக்குக்கும் நல்லதில்லை.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு

பவர்லிஃப்டிங்கில் ஐ.பி.எஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி ராப்பின் நீளம் 1 மீட்டருக்கும் அகலம் 8 செ.மீ.க்கும் மேல் போகக் கூடாது. கட்டிய பின் மணிக்கட்டின் மையத்திலிருந்து முன்கைப் பக்கம் 10 செ.மீ., உள்ளங்கைப் பக்கம் 2 செ.மீ., மொத்தம் 12 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தூக்கும்போது வளையம் கட்டைவிரலில் இருக்கக் கூடாது. பெரிய போட்டிகளில் அங்கீகரித்த பட்டியலில் உள்ள பிராண்டுகளை மட்டுமே அனுமதிப்பார்கள். ஆகவே போட்டி எண்ணம் இருந்தால் முதலிலேயே பட்டியலைப் பார்த்து வாங்கிவிடுங்கள், இரண்டாவது செலவு மிச்சம்.

ஒலிம்பிக் பளுத்தூக்குதல் போட்டியில் மணிக்கட்டுக் கட்டு அனுமதி உண்டு. ஸ்ட்ராப்புக்கு அனுமதி இல்லை. எந்தப் போட்டியானாலும் பயிற்சியில் பழகிய அதே ராப்பைத்தான் மேடைக்கும் கொண்டுபோக வேண்டும். முந்தின வாரம் புதிது வாங்கினால் அதன் இறுக்கம் கைக்குப் பழகியிருக்காது.

ராப் தீர்க்காத வலிகள்

கையை ஊன்றி விழுந்த பிறகு, அல்லது பார் கையைப் பின்னால் தள்ளிய பிறகு வலிக்கிறதா? கட்டைவிரலை மேலே தூக்குங்கள். அதன் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால் ராப்பை மறந்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அந்த இடத்தில் இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்பில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால் கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாம். பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

சுண்டுவிரல் பக்கம் வலி, கையைத் திருப்பும்போது 'டொக்' என்ற சத்தம், நாற்காலியில் கை ஊன்றி எழும்போது சுருக்கென்று குத்துவது, இவை சேர்ந்து வந்தால் அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம். அதன் மேல் ராப்பை இறுக்கினால் நெருக்கம் கூடவே செய்யும். வீக்கம் இருந்தாலும், ஓய்வு கொடுத்து இரண்டு வாரம் ஆகியும் வலி குறையாவிட்டாலும் காட்டிவிடுவதே சரி. வலியை மறைத்துத் தூக்க ராப் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மூட்டு கெட்டால் அதன் பிறகு பெஞ்ச் மட்டுமில்லை, சட்டை பித்தான் போடுவதும் கஷ்டம்.

மணிக்கட்டைப் பலப்படுத்த

வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி முடிந்த பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். லேசான டம்பெல்லை வைத்து மணிக்கட்டை மேலே மடக்குவது, கையைக் கவிழ்த்து அதையே செய்வது, இரண்டும் மும்மூன்று செட். கனமான டம்பெல்லை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடப்பது பிடியின் பலத்துக்கும் முன்கைக்கும் ஒருசேரப் பயன் தரும். ஒரு வாளியில் அரிசியைக் கொட்டி, அதற்குள் கையை விட்டு விரல்களை விரிப்பதும் மூடுவதும் திருப்புவதும் நல்ல பயிற்சி. அரிசி எல்லாத் திசையிலும் எதிர்ப்பதால் பார் தொடாத தசைகளும் வேலை செய்யும். வீட்டில் கர்லாக்கட்டை இருந்து, சுற்றத் தெரிந்தவர் சொல்லித் தந்தால், சின்னக் கட்டையில் ஆரம்பியுங்கள். மணிக்கட்டைத் திருப்பும் தசைகளுக்கு அதற்கு இணையானது குறைவு. பெரிய கட்டையை எடுத்தவுடன் வீசினால் தோள் பிடித்துக்கொள்ளும்.

துவைப்பதும் மாற்றுவதும்

ராப்பைப் பையில் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயப் போடுங்கள். வாரம் ஒருமுறை வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டு, பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் போட்டுக் கையால் கசக்கி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரும் உச்சி வெயிலும் ரப்பர் இழைகளைக் கெடுத்துவிடும். வெல்க்ரோவில் மாட்டிக்கொண்ட நூலையும் முடியையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் பிடிப்பு திரும்ப வரும்.

புதிதாக வாங்கிய அன்றே ராப்பின் நீளத்தை அளந்து ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை தரையில் விரித்து அளந்து பாருங்கள். இழுக்காமலே இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருந்தாலோ, முன்பு மூன்று சுற்றில் கிடைத்த பிடிக்கு இப்போது நான்கு சுற்று வேண்டியிருந்தாலோ எலாஸ்டிக் போய்விட்டது என்று அர்த்தம். அதைக் கனமான செட்டுக்கு இனி நம்ப வேண்டாம், ஜோடியாகவே மாற்றுங்கள். ஒரு கையில் பழசும் மறு கையில் புதுசும் கட்டினால் இரண்டு மணிக்கட்டும் வேறு வேறு அளவில் சாய்ந்து, பார் ஒரு பக்கம் முன்னால் போகும்.